மேற்குச் சுவருக்கு எந்தக் கொடி? மதுரை வீடொன்றில் கிளெமாட்டிஸ் ரகத் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையின் வடபகுதியில் உள்ள ஒரு தனி வீடு. ஓய்வுபெற்ற தம்பதி, எண்பதை நெருங்கும் மாமியார், மாடியில் மகன் குடும்பம், நான்கு வயதுப் பேரன். வீட்டின் மேற்கு மதில் 32 அடி நீளம், 7 அடி உயரம். சிமெண்ட் பூச்சு, வெளிர்மஞ்சள் வண்ணம். பகல் பன்னிரண்டரை மணி முதல் பொழுது சாயும் வரை நேர் வெயில். அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கையறை. சுவர் சூடு அறைக்குள் இறங்குவதைத் தடுக்க ஒரு கொடி வேண்டும், அது ஊதா நிறத்தில் பூக்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் விருப்பம். இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டு வேலியில் கிளெமாட்டிஸ் என்ற குளிர்நாட்டுப் பூங்கொடியைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். வேறு எந்தக் கொடியையும் அவர் மனத்தில் வைக்கவில்லை.

சுவரோரம் 2 அங்குல ஜி.ஐ. குழாய்களை நட்டு, குறுக்கே 1 அங்குலச் சதுரக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு பந்தல் சட்டமும் முன்கூட்டியே போட்டாயிற்று. இந்தச் சட்டமும் பின்னால் ஒரு சிக்கலாயிற்று.

வாங்கிய செடிகள்

மாசி மாதம் வடக்கே மலைப்பகுதி நாற்றங்கால் ஒன்றிலிருந்து ஐந்து செடிகள் கூரியரில் வந்தன: ஜாக்மனி, நெல்லி மோசர், தி பிரசிடென்ட், மொன்டானா ரூபென்ஸ், எட்டுவால் வயோலெட். ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். செடிகள் உண்மையானவை, வேர் கட்டி நன்றாக இருந்தன.

கூடவே இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘கிளெமாட்டிஸ் கிழங்கு’ என்று எட்டு கிழங்குகள் கொண்ட ஒரு பொட்டலமும் வாங்கியிருந்தார்கள். தோட்டக் கிளெமாட்டிஸ் கிழங்கிலிருந்து வருவதில்லை. அதற்கு இருப்பது நார் போன்ற நீண்ட வேர்த்தொகுதி. பெரிய பூ ரகங்களைப் பதியன், தண்டுத் துண்டு, ஒட்டு ஆகியவற்றில்தான் பெருக்க முடியும். விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடி போலப் பூக்காது, முளைக்கவே சில மாதங்கள் முதல் இரண்டு மூன்று வருடம் வரை இழுக்கும். ஆகவே கிழங்கு என்றோ பல வண்ண விதைக் கலவை என்றோ விற்பதைப் பார்த்தால் வாங்காமல் விடுவதே சரி. இந்த வீட்டில் ஏழு கிழங்குகள் அழுகின. எட்டாவது முளைத்து, புல் போன்ற நீள இலை விட்டது. அது ரெயின் லில்லி.

மாசி முதல் வைகாசி வரை கண்டது

ஐந்து செடிகளும் 10 அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில், தட்டு வைத்து, சுவரோரமாகவே வைக்கப்பட்டன. முதல் ஐந்து வாரம் நல்ல துளிர். தி பிரசிடென்ட் ஒரு பூ பூத்தது. மலையில் இருந்தபோதே உருவாகியிருந்த மொட்டு அது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்து நம்பிக்கை கொண்டார்கள்.

பங்குனி நடுவில் இலை ஓரங்கள் பழுப்பாகி மொறுமொறுவென்று காயத் தொடங்கின. மதியம் துவண்ட செடி மாலையில் நிமிரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாளுக்கு மூன்று தடவை ஊற்றினார்கள். ஊற்றியது சமையலறை ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் தண்ணீர். சித்திரை முடிவதற்குள் மொன்டானாவும் நெல்லி மோசரும் போயின. அக்னி நட்சத்திரத்தில் தி பிரசிடென்ட்டும் போயிற்று. மிச்ச இரண்டும் இலை உதிர்த்து, அடித்தண்டில் ஓரிரு பச்சை மொட்டுகளோடு நின்றன. அந்த நிலையில்தான் எங்களிடம் ஆலோசனை கேட்கப்பட்டது.

வைகாசியில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு எடுத்த அளவுகள்: நிழலில் காற்று 39 டிகிரி, சுவர் மேற்பரப்பு 52, தொட்டி மண் 3 அங்குல ஆழத்தில் 41. இரவு ஒன்பது மணிக்கும் சுவர் 37 டிகிரியில் நின்றது. “ராத்திரி கைய வச்சாலும் சுவரு கொதிக்குதும்மா” என்று தோட்ட வேலைக்கு வருபவர் முன்பே வீட்டம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை அப்போதே கணக்கில் எடுத்திருந்தால் மூன்று செடிகளை நிழலுக்கு மாற்றியிருக்கலாம்.

ஆழ்குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு, 1,350. ஆர்.ஓ. கழிவுநீரின் டி.டி.எஸ். 2,300. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

ஏன் கருகின

முதலில் வந்த ஐயம் கிளெமாட்டிஸ் வாடல் நோய். அதை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. அந்த நோயில் நேற்று வரை செழித்த தண்டு திடீரென்று மொத்தமாகத் தொங்கும். ஏதாவது ஒரு கணுவில் தண்டு கறுத்திருக்கும், வேர் மட்டும் கெடாமல் இருக்கும். இங்கே நேர்மாறு. எந்தத் தண்டிலும் கறுப்பு இல்லை, வாட்டம் இலை ஓரத்திலிருந்து வாரக்கணக்கில் உள்ளே நகர்ந்தது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது. புளித்த வாடை. சூடான மண்ணில் தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகியிருக்கிறது. அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது. எனவே இலை துவளும். அதைப் பார்த்து இன்னும் ஊற்ற, இன்னும் அழுகும். மண்ணில் ஏறிய உப்பு, மிச்சமிருந்த வேரையும் தண்ணீர் எடுக்க விடவில்லை.

தண்ணீரையும் தொட்டியையும் சரிசெய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று வீட்டார் கேட்டார்கள். கோடையைத் தாண்டியிருக்கலாம், அந்தச் சுவரில் அவர்கள் பார்த்த படம்போலப் பூத்திருக்காது. செடி இரவிலும் மூச்சு விடுகிறது. வெப்பம் கூடினால் மூச்சும் வேகமாகி, பகலில் சேர்த்த சர்க்கரை இரவிலேயே செலவாகிவிடும். மதுரையில் கோடை இரவுகள் 26, 27 டிகிரி. மார்கழி, தை மாதங்களிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். மிதவெப்ப நாடுகளின் கிளெமாட்டிஸ் குளிர்காலத்தில் உறங்கி எழும் செடி. அந்த உறக்கம் இங்கே கிடைப்பதே இல்லை. சுண்ணாம்பு கலந்த மண்தான் காரணமோ என்றால், அதுவும் இல்லை. லேசான காரத்தை அது தாங்கும். இங்கே தடையாக இருந்தவை வெப்பமும் உப்பும்.

ரகங்களை மறுபடி பார்த்தபோது

கிளெமாட்டிஸ் ரகங்களைக் கத்தரிப்பு முறையை வைத்து மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். மொட்டு எந்தத் தண்டில் வருகிறது என்பதுதான் அளவுகோல். முதல் பிரிவு, மொன்டானா போல, சென்ற ஆண்டுத் தண்டில் வசந்தத்தில் பூப்பது. இரண்டாம் பிரிவு, நெல்லி மோசர், தி பிரசிடென்ட் போல, பழைய தண்டிலிருந்து கிளைக்கும் குட்டைத் துளிரில் பெரிய பூ விடுவது. மூன்றாம் பிரிவு அதே ஆண்டுப் புதுத்தண்டில் பூப்பது. 1860-களில் இங்கிலாந்தின் வோக்கிங்கில் ஜாக்மன் நாற்றங்கால் வெளியிட்ட ஜாக்மனியும், விட்டிசெல்லா இனத்தைச் சேர்ந்த எட்டுவால் வயோலெட்டும் இந்த மூன்றாம் பிரிவு.

வெப்ப ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவினைதான் முக்கியம். முதல் இரண்டு பிரிவுகளுக்கும் பழைய தண்டு குளிரில் முதிர்ந்து கிடக்க வேண்டும். மூன்றாம் பிரிவுக்கு அடிக்கணு உயிரோடிருந்தால் போதும், அங்கிருந்து புதிதாகப் புறப்பட்டு அதிலேயே பூக்கும். இந்த வீட்டில் பிழைத்த இரண்டும் மூன்றாம் பிரிவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். நெல்லி மோசரை மேற்கு வெயிலில் வைத்தது தனிப் பிழை. இங்கிலாந்திலேயே அதன் பூ கடும் வெயிலில் வெளிறிப்போகும் என்று நிழல் சுவருக்குத்தான் பரிந்துரைப்பார்கள்.

சட்டத்தின் சிக்கலும் இதோடு சேர்ந்தது. கிளெமாட்டிஸுக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது, இலைக்காம்புதான் வளைந்து பிடிக்கும். பென்சில் கனத்துக்கு மேற்பட்ட எதையும் அந்தக் காம்பு சுற்ற முடியாது. 1 அங்குலக் குழாயில் அது ஏறவே போவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளரும் கிளெமாட்டிஸ் கௌரியானாவைக் கொண்டுவந்தால் என்ன என்று மகன் கேட்டார். சிறு வெள்ளைப் பூக் கொத்துகளும், பூ முடிந்தபின் பஞ்சிறகு விதைகளும் கொண்ட அழகான கொடி அது. ஆனால் ஊதா இல்லை, மரத்தின் மேலேறி மூடும் அளவுக்கு முரட்டு வளர்ச்சி, சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். அது அத்தோடு விடப்பட்டது.

எடுத்த முடிவுகள்

ஆனி மாதம் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. மேற்குச் சுவரில் கிளெமாட்டிஸ் இனி இல்லை. உயிரோடிருக்கும் இரண்டும் கொடைக்கானலில் உறவினர் வீட்டுக்குப் போகும். சுவருக்கு, 40 டிகிரியையும் உப்புத் தண்ணீரையும் தாங்கி, ஊதாவில் பூத்து, சுவரில் வேர் விடாத கொடி ஒன்று தேர்ந்தெடுக்கப்படும்.

கொடியின் போக்கில் கிளெமாட்டிஸுக்கு மிக நெருங்கியது நம் செங்காந்தள். அதுவும் இலையால் பிடித்து ஏறும், இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும். ஒட்டன்சத்திரம் பக்கம் வயலில் பயிராகவே போடுகிறார்கள், ஆக வெயில் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் கிழங்கு, விதை, தண்டு எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தை ஓடியாடும் வீட்டில் அது முதல் பார்வையிலேயே விலக்கப்பட்டது. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமே இல்லை.

நீலத் தன்பர்ஜியா வேகமாக மூடும், பூவும் பெரிது. ஆனால் 7 அடிச் சுவர் அதற்குப் போதாது. பக்கத்து வீட்டு மாமரத்துக்குத் தாவிவிடும். அடியில் கிழங்கு வேர் பருத்தால் பிடுங்குவது பெரும்பாடு. தண்ணீரும் நிறையக் கேட்கும். ரங்கூன் மல்லி வெயிலுக்கு அஞ்சாது, ஆனால் வெள்ளையில் விரிந்து சிவப்பில் முடியும் பூ. அதோடு வேரடியிலிருந்து கன்று கிளப்பிக்கொண்டே இருக்கும். பெட்ரியாவின் ஊதாச் சரம் வீட்டம்மாவுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நட்டு இரண்டு மூன்று ஆண்டு கழித்தே ஒழுங்காகப் பூக்கும் கொடியை மட்டும் நம்பிச் சுவரை விடமுடியாது. ஒரே ஒரு பெட்ரியா, கிழக்கு வாசல் வளைவுக்கு ஒதுக்கப்பட்டது.

சுவருக்குத் தேர்ந்தது பூண்டுக்கொடி. இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் அடிப்பதால் இந்தப் பெயர். நர்சரிகளில் கார்லிக் வைன் என்று கேட்டால் கிடைக்கும். கரு ஊதாவில் விரிந்து, நாள் போகப் போக இளம் ஊதாவாகி, வெள்ளையில் முடியும் பூக்கள். ஒரே கொத்தில் மூன்று நிறமும் நிற்கும். ஆண்டுக்கு இரண்டு அலையாவது பூக்கும். மெல்லிய பற்றுக்கம்பியால் ஏறும், சுவரைத் தொடாது. அது வளர்ந்து வரும் வரை முதல் ஆண்டுக்கு அடுக்கு நீலச் சங்குப்பூ. சிவபூசைக்குச் சங்குப்பூ வீட்டிலேயே கிடைக்கும் என்றதும், அதுவரை பேசாமலிருந்த மாமியார் இந்தத் திட்டத்துக்கு உடனே சரி சொன்னார்.

நடவு

செடி வைப்பதைப் புரட்டாசி கடைசி வரை தள்ளிவைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டும்.

சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, 10 அடிக்கு ஒன்றாக மூன்று குழிகள். ஒவ்வொன்றும் 2 அடி நீள, அகல, ஆழம். தோண்டும்போது கட்டுமானக் கழிவான செங்கல், சிமெண்ட் துண்டுகள் கூடை கூடையாக வந்தன. அவற்றை முழுக்க எடுத்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, குழிக்கு 250 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பப்பட்டது.

குழாய்ச் சட்டத்தைப் பிரிக்கவில்லை. அதன் மேல் 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பியை ஓர் அடி இடைவெளியில் நெடுக்காகவும் குறுக்காகவும் இழுத்துக் கட்டினார்கள். முக்கியமான திருத்தம், சட்டத்தைச் சுவரிலிருந்து 4 அங்குலம் முன்னே நகர்த்தியது. அந்த இடைவெளியில் காற்று மேலேறினால்தான் கொடியின் முதுகு வேகாது. சுவர் குளிர்வதற்கும் இலையின் நிழலோடு இந்தக் காற்றும் வேண்டும்.

அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் கீழாகக் கவிழ்த்து 3 அங்குலத்துக்கு மூடாக்கு. ஆர்.ஓ. கழிவுநீர் முற்றாக நிறுத்தப்பட்டது. ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீரைக் குடத்தில் பிடித்து ஆழ்குழாய்த் தண்ணீரோடு கலந்து ஊற்றினார்கள். ஏ.சி. நீரில் உப்பு அநேகமாக இல்லை. மழை நின்றபின் இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் செடிக்கு 10 லிட்டர். மாதம் ஒருமுறை 30 லிட்டரை மெதுவாக ஊற்றி, படிந்த உப்பைக் கீழே கழுவிவிடுவது.

சங்குப்பூ விதையின் தோல் கடினம். ஓரத்தில் லேசாக உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிப் பருத்தவற்றை மட்டும் ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும். அப்படியே செய்தார்கள்.

பின் நடந்தது

கார்த்திகைத் தொடக்கத்தில் சங்கு பூத்தது. தை மாதத்துக்குள் சட்டத்தில் பாதிக்கு மேல் பச்சை. காய்களைப் பறிக்காமல் விட்டதால் மாசியில் பூ குறைந்து, கொடி முற்றி, சித்திரையில் அடி இலை கொட்டிற்று. காய் பிடித்துவிட்டால் சங்கு பூவை நிறுத்திக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிஞ்சைக் கிள்ளிவிட வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் கோடையில் பூண்டுக்கொடிகளுக்கு 50 சதவீத நிழல்வலை பங்குனி முதல் ஆனி வரை கட்டப்பட்டது. இரண்டு கொடிகள் நன்றாக ஏறின. மூன்றாவது நின்ற இடத்திலேயே நின்றது. துணி துவைக்கும் கல்லிலிருந்து வரும் சோப்புத் தண்ணீர் அதன் அடிக்கு ஊறிவந்ததுதான் காரணம். வாய்க்காலைத் திருப்பிவிட்டு, மேல்மண்ணை மாற்றிய பிறகு ஆடியில் துளிர்த்தது. வைகாசியில் மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளித்தார்கள். எறும்பு ஏறும் வழியை அடைத்த பிறகுதான் அது முழுதும் அடங்கியது.

நட்டு ஓராண்டில், ஐப்பசி மழைக்குப் பின், முதல் ஊதாக் கொத்துகள். முதல் அலை சிறிதுதான், வலது ஓரம் வெறுமையாகவே இருந்தது. பூ முடிந்ததும் பூத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டதில் பக்கத் துளிர் கிளம்பி, மாசியில் இரண்டாம் அலை சட்டத்தின் பெரும்பகுதியை மூடியது. அடுத்த வைகாசியில் மதியம் மூன்று மணிக்குக் கொடியின் பின்புறம் சுவர் 41 டிகிரி. மூடாத ஓரத்தில் 51. பெட்ரியா இன்னும் பூக்கவில்லை, தண்டு மட்டும் பருத்திருக்கிறது.

கொடைக்கானலுக்குப் போன இரண்டு செடிகள்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக நான்கு மணி நேரப் பயணத்தில் செடிக்கு வேண்டிய இரவு கிடைத்துவிடுகிறது.

ஜாக்மனியும் எட்டுவால் வயோலெட்டும் ஆடி முடிவில் அங்கே நடப்பட்டன. அழுகிய வேரை வெட்டி, ஆரோக்கியமான வேர் மட்டும் விட்டு, தண்டின் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி பழைய மட்டத்தைவிட 6 சென்டிமீட்டர் ஆழமாக. மலை மண் புளிப்பானது, ஆகவே குழிக்கு இரண்டு கைப்பிடி டாலமைட் தூள். அடிக்கு நிழல் தர முன்னால் பெகோனியா. தையில் இரண்டையும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், நல்ல மொட்டு ஜோடிக்கு மேலே வெட்டினார்கள்.

வைகாசியில் எட்டுவால் வயோலெட் பூத்தது. ஜாக்மனி மொட்டு கட்டிய நிலையில் ஆனி மாதச் சாரலில் ஒரே இரவில் தொங்கிவிட்டது. இந்தத் தடவை தண்டின் இரண்டாம் கணுவில் தெளிவான கறுப்பு. இதுதான் உண்மையான வாடல் நோய். தண்டைத் தரையோடு வெட்டி எரித்தார்கள், கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்தார்கள். ஆவணியில் மண்ணுக்குள் புதைந்திருந்த கணுவிலிருந்து இரண்டு தளிர் வந்தன. ஆழமாக நட்டிராவிட்டால் அந்தச் செடி அத்தோடு முடிந்திருக்கும்.

மாற்ற வேண்டியவை

செடி வாங்குவதற்கு முன் அந்தச் சுவரோரம் ஒரு வெப்பமானியை வைத்து, பங்குனியில் ஒரு வாரமாவது இரவு வெப்பத்தைக் குறித்திருக்க வேண்டும். தண்ணீரின் டி.டி.எஸ். பார்க்கும் சிறு கருவி ஒரு கிளெமாட்டிஸ் செடியைவிட மலிவு. சட்டம் போடுவது கொடியைத் தீர்மானித்த பிறகு. மாசியில் மலைச்செடியை வரவழைப்பது அதை நேராகக் கோடைக்குள் தள்ளுவது.

இவ்வளவுக்கும் பிறகு மதுரையில் கிளெமாட்டிஸ் பூவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர், அதைக் குளிர்காலத் தொட்டிச் செடியாக மட்டும் நினைக்க வேண்டும். மூன்றாம் பிரிவு ரகம் ஒன்றே ஒன்று. கார்த்திகையில் வரவழைத்து, வடகிழக்குத் தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, 14 அங்குல மண்தொட்டியை அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈரமணல் நிரப்ப வேண்டும். தட்டு வேண்டாம். மழைநீர் அல்லது ஏ.சி. நீர். மாசி வரை பூவைப் பார்த்துவிட்டு, பங்குனியில் மலையில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். பெரிய பூவை எதிர்பார்க்கக் கூடாது.

இந்த வீட்டில் வலது ஓரத்து ஆறு அடி இன்னும் வெறுமையாக இருக்கிறது. நான்காவது பூண்டுக்கொடி வரும் புரட்டாசியில் அங்கே வைக்கப்படும். அதுவரை சங்கு, இந்தத் தடவை பிஞ்சைக் கிள்ளிக்கொண்டு.